கானல்வரியும் நந்திக்கடலும்

பண்டைத் தமிழரின் கடற்கரை விழாக்களுள் தலையாயது புகாரின் இந்திரவிழா. சித்திரை நிறைமதியையொட்டிய வேனிற் காலத்தில் 28 நாள்கள் அது நிகழ்ந்ததாக இலக்கியங்களால் அறிகிறோம். ஆடலும் பாடலும் மலிந்த அவ்விழா முடிந்ததும் நகர மாந்தர் கடலாடச் சென்றனர். புன்னை நிழலில் அமர்ந்து கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடிய கானல்வரி அங்கேதான் பிறந்தது.

அப்பாடல்களில் வலையும் மீனும் உப்பும் பரதவர் மகளும் வருகின்றனர். ஆயின், பாடுவோர் யாவர்? ஒருவன் பெருவணிகன், மற்றவள் அரசவையில் பரிசில் பெற்ற ஆடல்மகள். பரதவர் அங்கே பாட்டின் பொருளாக இருந்தனர். பாட்டுக்கு உரியோராக இருக்கவில்லை.

அவ்விழா நிலைத்ததா? மகனை இழந்த துயரிற் சோழ மன்னன் விழாவை மறந்தான் என்றும், அதனாற் புகாரைக் கடல் கொண்டது என்றும் மணிமேகலை கூறும். இதனைக் கதையென்று தள்ளினும், அதனுள் ஓர் உண்மை உண்டு. அரண்மனையை நம்பி வாழும் கலை அரண்மனையோடு மறையும்.

ஆனால் கண்ணகியின் கதை மறையவில்லை. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். இத்தீவிற் சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்யோ என வணங்குகின்றனர். தமிழர் அவள் கதையைப் பாடிப் போற்றினர். மட்டக்களப்பிலே அது ‘கண்ணகி வழக்குரை’, யாழ்ப்பாணத்திலே ‘கோவலனார் கதை’, வன்னியிலே ‘சிலம்பு கூறல்’. 1892 இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை முழுமையாக அச்சேற்றுமுன்னரே, அதன் கதையை நம் கிராமத்தார் ஏட்டிலும் நாவிலும் காத்து வந்தனர்.

காத்தது மட்டுமன்று, மாற்றியும் அமைத்தனர். ஈழத்துக் கதையிலே, கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலேறுகிறான். வழியிலே வெடியரசனோடு பொருகிறான். கடலோடிகள் கதையின் மாந்தராகிவிட்டனர்! புகாரிலே உவமையாக நின்றவர்கள், இங்கே தம் வாழ்வையே காவியத்துள் ஏற்றினர். இஃது எளிய மாற்றமன்று.

வைகாசியில், எங்கள் உருத்திரபுரத்துச் சிறுபோக வயல்களுக்கு இரணைமடு நீர் பாயும் நாள்களில், நந்திக்கடற் கரையிலுள்ள வற்றாப்பளையில் கண்ணகை அம்மன் பொங்கல் நிகழும். நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர் முன் கண்ணகி முதியவளாகத் தோன்றினாள்; விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல் நீரை வார்த்து எரிக்கச் சொன்னாள் என்பது ஐதிகம். இன்றும் பொங்கலுக்கு முந்திய வாரம் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கேற்றுகின்றனர். மதுரையில் அவளுக்கு அடைக்கலம் தந்தவரும் ஆயரே. இங்கே அவளை முதலிற் கண்டவரும் மாடு மேய்த்த சிறுவரே. உழைப்போர் தெய்வத்தையும் தம்மவளாக்கிக்கொண்டனர்.

இதனைச் சொல்லி வெறும் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. பறை கொட்டிய கைகளைத் தீண்டாமையின் பெயரால் ஒதுக்கிய சமூகமும் இதுவே. ஆலயக் கதவுகளைத் திறக்கும்படி 1968 இல் மாவிட்டபுரத்தில் மக்கள் போராட வேண்டியிருந்தது. மக்கள் கலை என்று நாம் புகழும்போது, அம்மக்களுள் யார் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதையும் கேட்டாக வேண்டும்.

2009 மே மாதம் அதே நந்திக்கடற் கரையிலே போர் முடிந்தது. அவ்வாண்டு வைகாசியில் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் மெனிக்பாம் முகாம்களின் முட்கம்பிகளுக்குள் இருந்தனர். எத்தனை வீடுகளில் எத்தனை ஏடுகள் அழிந்தன, எத்தனை குரல்கள் அடங்கின என்று கணக்கெடுத்தார் இலர். எனினும் மக்கள் மீண்டனர். விளக்கும் மீண்டும் எரிகிறது. எந்த மன்னனின் கருவூலமும் அதற்கு எண்ணெய் வார்க்கவில்லை.

விளக்கு எரிவது போதுமா? என் மாணவர் கானல்வரிக்குப் பொருள் எழுதிப் புள்ளிகள் பெறுகின்றனர். தம் பாட்டன் பாடிய சிலம்பு கூறலில் ஓரடியும் அறியார். குற்றம் அவர்களுடையதன்று, கற்பிக்கும் நம்முடையது. ஆசிரியர்களே, மாணவர்களே, இவ்விடுமுறையில் உங்கள் ஊரின் முதியவர் ஒருவரை அணுகுங்கள். அவர் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். பறை முழக்குபவரையும் மறவாமல் அழையுங்கள். புகாரைக் கடல் கொண்டது. நம் பாட்டை மறதி கொள்ள விடலாகாது.