கடைப் பணியாளரும் மாலைக் கல்வியும்

19ஆம் நூற்றாண்டு லண்டனில் உழைப்பாளர் கல்விக்குப் பெருந்தடையாக இருந்தது வேலை நேரம். 1823இல் ஜார்ஜ் பர்க்பெக் முதலானோர் தொழில்வினைஞர் கழகத்தைத் தொடங்கினர். அங்கு மாலை விரிவுரைகள் நடந்தன. ஆனால் கடைப் பணியாளர் பலர் இரவு வெகுநேரம் வரை கடையிலேயே நின்றனர். முன்னதாக அடைத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவர் எனச் சிறு கடைக்காரர்கள் அஞ்சினர்.

1842இல் துணிக்கடைத் தொழிலினர் சங்கம் அமைத்து, கடைகளை நேரத்தோடு அடைக்கக் கோரினர். படிக்க நேரம் வேண்டும் என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. 1886ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் வேலையை, உணவு நேரம் உட்பட, வாரம் 74 மணி நேரமாக வரையறுத்தது. மற்றவர்களுக்கு அந்த வரம்பும் இல்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டமே கடைப் பணியாளருக்கு வாரத்தில் அரைநாள் விடுப்பைக் கட்டாயமாக்கியது. கழகம் தொடங்கி அதற்குள் 88 ஆண்டுகள் கடந்திருந்தன.