மரக்காணம் கடற்கரை: மக்களும் கணக்கும்

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள பேரூராட்சி. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருந்தாலும் புதுச்சேரிதான் இதற்குப் பக்கம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இங்குள்ளோரில் ஏறக்குறைய அனைவருக்கும் தாய்மொழி தமிழ். ஆகவே இக்கரையின் மக்களைப் பகுத்துக் காட்டுவது மொழியல்ல. சாதியும் தொழிலும் குடியிருப்பும்தான்.

மணலோரம் குப்பங்கள். எக்கியார்குப்பம் போன்ற ஊர்களில் வாழ்வோர் பெரும்பாலும் பட்டினவர் எனப்படும் மீனவர். கடல் சார்ந்த வழக்குகளை இன்றும் முதலில் விசாரிப்பது அவர்களின் ஊர்ப் பஞ்சாயத்துதான். சாலைக்கு மேற்கே உள்ள வேளாண் ஊர்களில் வன்னியர் பெருந்தொகையினர். ஊரை ஒட்டி, ஆனால் ஊரோடு சேராமல், காலனிகளில் ஆதிதிராவிடர் வாழ்கின்றனர். பக்கிங்காம் கால்வாயையும் கழுவேலி ஏரியையும் ஒட்டிய உப்பங்கழிகளில் மீனும் இறாலும் பிடிப்போரில் பழங்குடியினரான இருளரும் உண்டு. தெற்கே கூனிமேட்டிலும் கோட்டக்குப்பத்திலும் தமிழ் முஸ்லிம்கள் கணிசம். 1680களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பண்டகசாலை வைத்திருந்த பழைய துறை கூனிமேடு.

உப்பளங்கள் தனி உலகம். மழைக்காலம் கழிந்து பாத்தி கட்டி, உவர்நீரைக் காயவிட்டு, உப்பை வாரிக் குவிக்கும் வேலையில் சுற்றுவட்டாரக் கூலிக் குடும்பங்கள் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கின்றன. வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை நின்றுவிடும். அந்த இடைவெளிக்காகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மூன்று மாதத்துக்கு அது எம்மட்டு என்பதை உப்பள வீட்டுப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஊரும் காலனியும் அருகருகே இருப்பது எப்போதும் அமைதியானதல்ல. 2013 ஏப்ரல் 25 அன்று வன்னியர் சங்கத்தின் மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்குச் சென்ற கூட்டத்தையொட்டி மரக்காணம் அருகே கலவரம் மூண்டது. தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன.

சரி, ஒவ்வொரு பிரிவினரும் எத்தனை பேர்? பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தொகைக்கு விடை உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரியாதிருந்த விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34,58,873. அதில் பட்டியல் சாதியினர் 29 சதவீதத்துக்கு மேல். மாநில அளவில் 20 சதவீதம். பழங்குடியினர் 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுவர். மதவாரித் தொகையும் வெளியாகிறது. வன்னியர், பட்டினவர் தொகை மட்டும் அந்தப் பட்டியல்களில் வருவதில்லை. எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையும் முறையாக வெளியான கடைசிக் கணக்கெடுப்பு 1931இல் நடந்தது.

அரபு மொழி பேசும் லெபனானுக்கும் இதே கதை, ஓராண்டு தள்ளி. அங்கே கடைசி அதிகாரபூர்வக் கணக்கெடுப்பு 1932இல். கிறித்தவர், சுன்னி, ஷியா, துரூசு என 18 சமயப் பிரிவுகளை ஏற்கும் அந்நாட்டில், நாடாளுமன்ற இடங்கள் 6:5 என்ற விகிதத்தில் கிறித்தவர்க்குக் கூடுதலாக இருந்தன. 1989 தாயிஃப் உடன்பாடு அதைச் சரிபாதி ஆக்கியது. எண்ணினால் பங்கு மாறும் என்ற அச்சமே அங்கு எண்ணாமைக்குக் காரணம்.

இங்கும் பங்கீட்டுச் சண்டை புதிதல்ல. வன்னியர் சங்கத்தின் 1987 சாலை மறியலுக்குப் பின், 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. வன்னியரும் மீனவரும் அந்த ஒரே வகைக்குள் வருகின்றனர். முஸ்லிம்களில் லெப்பை, மரைக்காயர், ராவுத்தர் முதலியோருக்குத் தனியே 3.5 சதவீதம். வன்னியருக்கு மட்டும் 10.5 சதவீதம் தந்த 2021 சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 31இல் ரத்து செய்தது. போதிய தரவு இல்லை என்பது முக்கியக் காரணம்.

அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30இல் அறிவித்தது. கணக்கெடுப்பாளருக்கு வேலை எளிதாயிராது. வன்னியர், படையாட்சி, கவுண்டர், வன்னியகுல சத்திரியர் என ஒரே சமூகத்தார் பல பெயர் சொல்வர். மீனவரில் ஒருவர் பட்டினவர் என்பார், பக்கத்து வீட்டார் மீனவர் என்று மட்டும் எழுதச் சொல்வார்.