கூட்டத்திற்கும் உண்டு பருவம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தது தமிழ் இலக்கண மரபு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறு. இவை அனைத்தும் ஞாயிற்றின் போக்காலும் மழையின் வரவாலும் அமைந்தவை. மனிதர் கூடிக் களிக்கும் கேளிக்கைப் பூங்காக்களிலும் பருவங்கள் உண்டு. தோள் இடிபடாமல் நடக்க முடியாத மாதமும் உண்டு. ராட்டினங்கள் வெறுமனே சுழலும் மாதமும் உண்டு. இப்பருவங்களை ஆக்குவது எது? வெயிலும் மழையும்தாம் என்று உடனே விடை கூறத் தோன்றும். அவ்விடை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்ப்போமா?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரையொட்டி அமைந்துள்ளது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். ஜூலை மாதத்தில் அங்கே வெயில் சுட்டெரிக்கும். புழுக்கம் உடலைப் பிழியும். பல பிற்பகல்களில் இடியும் மின்னலுமாக மழை கொட்டும். பிப்ரவரித் தொடக்கத்திலோ காற்று வறண்டு, வெயில் இதமாக இருக்கும். உலாவுவதற்கு ஏற்ற காலம் எது என்று கேட்டால் சிறு குழந்தையும் பிப்ரவரி என்றே சொல்லும். ஆயினும் பல பத்தாண்டுகளாக அங்கே மக்கள் நெருக்கியடித்தது கோடையில்தான். ஜனவரியின் பிற்பகுதியும் பிப்ரவரித் தொடக்கமும் வரிசைகள் குறுகிய நாள்களாகவே அறியப்பட்டன. பருவநிலை அழைக்கும்போது வராத கூட்டம், அது விரட்டும்போது திரண்டு வருகிறது! அப்படியானால் கூட்டத்தை நடத்தும் நாட்காட்டி வேறெங்கோ எழுதப்படுகிறது என்றுதானே பொருள்? அது எங்கே எழுதப்பட்டது என்பதை அறிய, 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும்.

ஆலைகள் வகுத்த கோடை

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் பகுதி, பருத்தி நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஒவ்வோர் ஊரிலும் தேவாலயத்தை ஒட்டிய பழைய ஊர்த்திருவிழா ஒன்று இருந்தது. அதற்கு 'வேக்ஸ்' என்று பெயர். ஆலைகள் பெருகிய பின்னரும் தொழிலாளர் அந்நாள்களில் வேலைக்கு வர மறுத்தனர். முதலாளிகள் முதலில் முரண்டு பிடித்தாலும், நாளடைவில் அவ்வாரம் முழுவதும் ஆலையை மூடிவிடுவதே நலம் என்று கண்டுகொண்டனர். கொதிகலன்களைத் துப்புரவு செய்யவும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் அந்த இடைவெளி பயன்பட்டது. இவ்வாறு திருவிழா வாரம், ஊர் முழுவதற்கும் பொதுவான விடுமுறை வாரமாயிற்று.

அவ்வாரத்தில் தொழிலாளர் சென்ற இடங்களில் தலையாயது, கடற்கரை நகரமான பிளாக்பூல். 1846இல் அந்நகருக்கு ரயில் வந்தது. 1894இல் பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தை முன்மாதிரியாகக் கொண்ட பிளாக்பூல் கோபுரம் திறக்கப்பட்டது. 1896இல் 'பிளஷர் பீச்' என்ற கேளிக்கைப் பூங்கா தோன்றியது; அது இன்றும் இயங்குகிறது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எல்லா ஊர்களின் வேக்ஸ் வாரமும் ஒரே வாரத்தில் அமையவில்லை. ஒரு வாரம் ஓர் ஊர், மறுவாரம் வேறோர் ஊர் என்று ஓல்டாம், பர்ன்லி, பிளாக்பர்ன் முதலிய நகரங்கள் தத்தம் முறைப்படி ஆலைகளை அடைத்தன. ஆகவே பிளாக்பூலில் ஓரூரார் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப, அடுத்த ஊரார் வந்து இறங்கினர். ஒரே வாரத்தில் வெள்ளமாகப் பாய்ந்திருக்க வேண்டிய கூட்டம், கோடை முழுவதும் ஆறாக ஓடியது. விடுதிக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நிலையான பிழைப்பு; தொழிலாளிக்குத் தங்க இடம்.

இவ்விடுமுறைக்கு நெடுங்காலம் ஊதியம் கிடையாது என்பதையும் மறந்துவிடலாகாது. வாரந்தோறும் சில காசுகளைச் சேமிப்புச் சங்கத்தில் கட்டி, ஆண்டு முழுவதும் சேர்த்ததை ஒரே வாரத்தில் செலவிட்டனர். சம்பளத்தோடு கூடிய விடுமுறையைப் பரவலாக்கும் சட்டம் பிரிட்டனில் 1938இல்தான் வந்தது. ஆலையின் சங்கு ஊதாத அந்த ஏழு நாள்களுக்காக மற்ற வாரங்களில் அவர்கள் வயிற்றைக் கட்டினர் என்றால் மிகையாகாது.

விளக்கேற்றி நீட்டித்த பருவம்

செப்டம்பர் வந்தால் பிளாக்பூலில் குளிர்காற்று வீசும், கூட்டம் கலையும். இயற்கை மூடிய கதவைத் திறக்க நகராட்சி ஓர் உபாயம் கண்டது. 1879இலேயே கடற்கரைச் சாலையில் மின்வில் விளக்குகளை எரியவிட்டு மக்களை வியக்க வைத்த நகரம் அது. 1912இல் இளவரசி ஒருவரின் வருகைக்காக அச்சாலை பல்லாயிரம் விளக்குகளால் அணிசெய்யப்பட்டது. அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு, அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் விளக்கேற்றினர். இரு உலகப் போர்களால் தடைபட்டும் 1925இலும் 1949இலும் உயிர்த்தெழுந்த அவ்வொளிவிழா இன்றும் நடைபெறுகிறது. கோடையில் இரவு வெகுநேரம் கழித்தே வரும். விளக்கின் அழகு எடுபடாது. இலையுதிர் காலத்தின் நீண்ட இருளே அதற்கு உகந்தது. எந்த இருள் கூட்டத்தைக் கலைத்ததோ அதையே முதலாக்கிக் கூட்டத்தை வரவழைத்தனர்! பருவத்தைப் பின்பற்றுவதோடு நில்லாமல் அதைப் படைக்கவும் முடியும் என்ற பாடத்தைக் கேளிக்கைத் தொழில் இங்கே கற்றுக்கொண்டது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால்

அதே காலத்தில் நியூயார்க் நகரின் கோனி தீவில் ஸ்டீபிள்சேஸ் (1897), லூனா பார்க் (1903), டிரீம்லேண்ட் (1904) என மூன்று பூங்காக்கள் அடுத்தடுத்து எழுந்தன. இவற்றின் ஆண்டு மிகக் குறுகியது. மே மாத இறுதியில் வரும் நினைவு நாளில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் நாளோடு ஏறத்தாழ முடிந்துவிடும். அந்தச் சில மாதங்களில் ஈட்டியதைக் கொண்டே ஆண்டை ஓட்ட வேண்டும். அதிலும் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால் அவ்வாரமே பாழ். டிரீம்லேண்டின் முடிவு இதற்குக் கொடிய சான்று. 1911ஆம் ஆண்டின் பருவம் தொடங்கவிருந்த வேளையில், மே 27 விடியற்காலையில், பழுதுபார்க்கும் பணியின்போது பற்றிய தீ அப்பூங்காவை முற்றிலுமாக விழுங்கியது. அது மீண்டும் கட்டப்படவேயில்லை.

1920இல் சுரங்க ரயில் கோனி தீவை எட்டியது. 5 சென்ட் கட்டணத்தில் நகரத்து ஏழைகளும் கடற்கரைக்கு வந்தனர். கோடை ஞாயிறுகளில் கூட்டம் இலட்சங்களைக் கடந்தது. வெயில் முன்பும் அடித்தது; ஓய்வு நாளும் மலிவான பயணச்சீட்டும் சேர்ந்த பிறகே கூட்டம் கடலளவாயிற்று.

பள்ளி மணியும் பூங்கா வாசலும்

ஆலையின் இடத்தைப் பிற்காலத்தில் பள்ளி பிடித்துக்கொண்டது. அமெரிக்கப் பள்ளிகளின் நீண்ட கோடை விடுமுறை, பிள்ளைகளை வயல்வேலைக்கு அனுப்புவதற்காக ஏற்பட்டது என்று பலரும் நம்புகின்றனர். உண்மையில் விதைப்பு வசந்தத்திலும் அறுவடை இலையுதிர் காலத்திலும் நிகழ்வன. 19ஆம் நூற்றாண்டின் நாட்டுப்புறப் பள்ளிகள் பல, கோடையிலும் குளிர்காலத்திலும் வகுப்பு நடத்தி, இடையே விடுமுறை அளித்தன. நகரப் பள்ளிகளின் வெப்பம், கோடையில் வசதி படைத்தோர் வெளியூர் செல்லும் வழக்கம், எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே ஒழுங்கு வேண்டும் என்ற கல்வியாளர் எண்ணம் ஆகியவை கூடியே கோடை விடுமுறையை நிலைநாட்டின.

அவ்விடுமுறையின் மேல் பூங்காக்கள் எழுந்தன. பின்னர் பூங்காக்களுக்காக விடுமுறையே காக்கப்பட்டது! வர்ஜீனியா மாநிலம் 1986இல் இயற்றிய சட்டத்தின்படி, விலக்குப் பெறாத பொதுப்பள்ளிகள் தொழிலாளர் நாளுக்கு முன் திறக்கலாகாது. 1975இல் அங்கே திறக்கப்பட்ட 'கிங்ஸ் டொமினியன்' பூங்காவின் பெயராலேயே மக்கள் அச்சட்டத்தை அழைத்தனர். ஆகஸ்ட் இறுதியில் பள்ளி திறந்தால் வருகையாளர் குறைவர் என்பது ஒரு காரணம். பூங்காக்களில் கோடை வேலை பார்க்கும் மாணவர்களும் போய்விடுவர் என்பது மற்றொன்று. 2019இல்தான் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. ஒரு மாநிலத்தின் வகுப்பறைக் கதவு எப்போது திறக்கும் என்பதில் சுற்றுலாத் தொழிலின் கணக்கும் கலந்திருந்தது.

மாறாத வழக்கமும் மாறிய மாதமும்

1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட், இதமான தட்பவெப்பம் உள்ள இடத்தில் ஆண்டு முழுவதும் நடத்தத்தக்கதாக அமைந்தது. ஆயினும் நெரிசலற்ற காலங்களில் திங்களும் செவ்வாயும் அதன் வாசல் அடைத்தே இருந்தது. 1985இல்தான் ஆண்டின் எல்லா நாள்களிலும் திறக்கும் வழக்கம் வந்தது. ஃபுளோரிடாவின் பூங்காவை 1971 அக்டோபர் 1 அன்று திறந்ததிலும் ஒரு கணக்கு உண்டு. பள்ளிகள் நடக்கும் அக்டோபரில் கூட்டம் குறைவு; புதிய ஊழியர் வேலை பழக அதுவே தக்க காலம்.

இத்தனை கணக்கும் தெரிந்த நிறுவனம், கடல் கடந்து சென்றபோது இடறியது. 1992 ஏப்ரல் 12 அன்று பாரிஸுக்கு அருகே யூரோ டிஸ்னி திறக்கப்பட்டது. பள்ளி நாள்களிலும் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குறுகிய சுற்றுலா வருவர் என்று நிறுவனம் எதிர்பார்த்தது. 1936 முதல் ஊதியத்தோடு கூடிய விடுமுறையை உரிமையாகப் பெற்று, ஆகஸ்டில் நாடே ஊரைக் காலி செய்து கிளம்பும் வழக்கமுள்ள பிரான்சில் அது நடக்கவில்லை. வெள்ளியன்று கூட்டம் மிகும், திங்களன்று குறையும் என்று ஊழியரை நிறுத்தினர், நேர்மாறாக நிகழ்ந்தது. பொருளாதார மந்தமும் கடன்சுமையும் சேர்ந்துகொள்ள, 1994இல் அந்நிறுவனத்தின் கடன்களைச் சீரமைக்க நேர்ந்தது. கோட்டையைப் பெயர்த்துக் கட்டிவிடலாம். விடுமுறை வழக்கத்தைப் பெயர்த்து நடுதல் அவ்வளவு எளிதன்று.

வழக்கத்தோடு இயைந்து சென்றவர் வென்றனர். கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம், 1973இல் அக்டோபர் மாத ஹாலோவீன் திருநாளை ஒட்டிப் பேய் வேடமிட்ட இரவுகளைத் தொடங்கியது. ஃபுளோரிடாவின் யூனிவர்சல் பூங்கா 1991இல் அதே வழியில் சென்றது. ஆளரவம் குறைந்திருந்த அக்டோபர், இன்று பல அமெரிக்கப் பூங்காக்களில் நெரிசல் மிக்க மாதங்களுள் ஒன்று. பிளாக்பூலின் விளக்குகள் கற்பித்த பாடத்தைப் பேய்கள் நிறைவேற்றின எனலாம்!

பருவத்திற்கு விலை

கூட்டத்தைப் பரவலாக்க மற்றொரு வழி விலை. 2016 பிப்ரவரியில் டிஸ்னிலேண்ட், ஒருநாள் சீட்டின் விலையை நாளுக்கேற்ப மூன்றாகப் பகுத்தது. பெரியவர் ஒருவருக்கு ஒரு பூங்காவுக்கான கட்டணம், கூட்டம் குறைந்த நாளில் 95 டாலர், இடைப்பட்ட நாளில் 105, உச்ச நாளில் 119. வணிக முறையில் இது நியாயமாகவே தோன்றும். ஆனால் உச்ச நாளில் வருபவர் யார்? பள்ளி செல்லும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியரும் வேறு நாளில் வர இயலாதவர்கள். நாளைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உள்ளவருக்கு விலை குறைவு. அவ்வுரிமை இல்லாதவருக்குக் கூடுதல்.

இம்முரண் ஒருமுறை பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வைட் தீவைச் சேர்ந்த தந்தை ஒருவர், 2015 ஏப்ரலில் பள்ளி நாள்களில் தம் மகளை ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துச் சென்றார். பள்ளியின் அனுமதி இல்லை. அபராதம் 60 பவுண்டு. அதைக் கட்ட மறுத்ததால் 120 ஆயிற்று. தம் மகளின் வருகைப்பதிவு மொத்தத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் உள்ளதால் அவள் 'ஒழுங்காக'ப் பள்ளிக்குச் செல்பவளே என்று அவர் வாதிட்டார். கீழ் நீதிமன்றங்கள் ஏற்றன. 2017 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. 'ஒழுங்காக' என்றால் பள்ளி வகுத்த விதிகளின்படி என்பதே அதன் விளக்கம். சொற்பொருள் ஆராய்ச்சியில் ஈடுபாடு கொண்ட நண்பர்கள், ஒரு சுற்றுலாவின் நியாயம் ஒற்றைச் சொல்லின் பொருளில் தொங்கியதை இரசிக்கக்கூடும்.

ஆசிரியர் பாடம் நடத்துகையில் இருக்கைகள் காலியாக இருத்தல் தகாது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் வெளியே விட்டுவிட்டு, அவ்வாரத்திற்கு விலையேற்றினால் எளிய குடும்பம் என்ன செய்யும்? இதற்கு விடை வரலாற்றிலேயே இருக்கிறது. லங்காஷயரின் ஊர்கள் முறைவைத்து ஆலைகளை மூடின. பிரான்சு இன்றும் தன் பள்ளிகளை மூன்று வலயங்களாகப் பிரித்து, குளிர்கால, வசந்தகால விடுமுறைகளை வெவ்வேறு வாரங்களில் அளிக்கிறது. கூட்டத்தைப் பகிர்ந்தளிக்க ஊர் கூடி நாள்களை முறைவைக்கலாம். அல்லது பணப்பையின் கனத்தைப் பார்த்து வரிசைப்படுத்தலாம். நூற்பாலைகள் நலிய, வேக்ஸ் வாரங்களும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறைந்தன. அவற்றோடு முதல்வழியும் பெரும்பாலும் மறந்துபோயிற்று.

பெரும்பொழுது ஆறும் ஏழைக்கும் செல்வர்க்கும் ஒன்றே. மனிதர் வகுத்த இப்பருவம் அப்படியில்லை. மனிதர் வகுத்தது என்பதனாலேயே, அதை மாற்றி வகுக்கவும் மனிதரால் இயலும்.