வேளச்சேரி டு பரங்கிமலை: வெறும் 5 கி.மீ. ரயில் பாதை இழுத்தடித்தது ஏன்?

சென்னை கடற்கரையில் இருந்து புறப்படும் பறக்கும் ரயில் 1997-ல் மயிலாப்பூர் வரை வந்தது. 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. அதோட நின்னுடுச்சு. அங்கிருந்து பரங்கிமலை சுமார் 5 கி.மீ. தான், புழுதிவாக்கம், ஆதம்பாக்கம்னு நடுவுல ரெண்டு ஸ்டேஷன். 2008-ல் வேலையும் தொடங்கியது.

அப்புறம் என்ன சிக்கல்? நிலம்தான். பெரும்பகுதி தூரத்துக்குத் தூண், மேம்பாலம் எல்லாம் எழும்பிவிட்டது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டருக்கு மட்டும் நிலம் கைக்கு வரவில்லை. கூடுதல் இழப்பீடு கேட்டு உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போக, வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இடத்தை இழக்கிறவர்கள் நியாயமான விலை கேட்பதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் 495 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு, இதற்குள் 730 கோடியைத் தாண்டியது.

இந்த இணைப்பு ஏன் முக்கியம்? தாம்பரம், செங்கல்பட்டு மின்சார ரயிலும் மெட்ரோவும் சந்திக்கிற இடம் பரங்கிமலை. பறக்கும் ரயிலும் அங்கே சேரும்போது, தாம்பரத்தில் இருந்து தரமணிக்கு ஐ.டி. வேலைக்குப் போகிறவர் நடுவில் பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ காத்து நிற்க வேண்டாம். ரயில் மாறினால் போதும்.

அடுத்த கேள்வி, கட்டணம். பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் 2025-ல் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. பறக்கும் ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய், மெட்ரோவில் 10 ரூபாய். சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய கவலை.