வெளியேறும் உரிமை: மதச் சகிப்புத்தன்மையும் போராட்ட உரிமையும்

2019 டிசம்பர் 2 அதிகாலை, கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், தனியார் வீடொன்றின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் இடிந்து, ஒட்டியிருந்த தலித் குடியிருப்பின் மீது விழுந்தது. உறக்கத்திலேயே 17 பேர் மாண்டனர். அதனைத் தீண்டாமைச் சுவர் என்றே குடியிருப்பு மக்கள் அழைத்தனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிய வேண்டும் என்று கோரி உடல்களைப் பெற மறுத்துப் போராடியோர் மீது காவல்துறை தடியடி நடத்தியது. தமிழ்ப்புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவன் உள்ளிட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர். சுவரின் உரிமையாளர் கைதாகிச் சில வாரங்களில் பிணையில் வெளிவந்தார்.

அம்மாத இறுதியில், மூவாயிரம் பேர் கட்டம் கட்டமாக இசுலாத்தைத் தழுவுவர் என்று அக்கட்சி அறிவித்தது. 2020 ஜனவரியில் மதமாற்றம் தொடங்கியது. உடனே வழக்கமான கேள்விகள் எழுந்தன. இது நம்பிக்கையா, அரசியலா? ஒரு மதத்தை விட்டு விலகுவதைப் போராட்ட வடிவமாக்குவது அம்மதத்தினரின் மனத்தைப் புண்படுத்தாதா? இவற்றுக்குச் சட்டமும் வரலாறும் தரும் விடைகளை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

மனச்சான்றின் உரிமை

அரசமைப்பின் 25ஆம் உறுப்பு, மதத்தைப் பின்பற்றும் உரிமைக்கு முன்னதாக மனச்சான்றின் சுதந்திரத்தைக் குறிப்பிடுகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, நலவாழ்வு ஆகியவற்றுக்கு உட்பட்டு அது எல்லா மனிதருக்கும் உரியது. மத்தியப் பிரதேச, ஒரிசா மதமாற்றச் சட்டங்கள் தொடர்பான 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பில், மதத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் ஒருவர் தாமே முடிவெடுத்து மதம் மாறுவது வேறு. அது அவருடைய மனச்சான்றுக்குள் அடங்கும். அந்த முடிவுக்குக் காரணம் இறையியலா, அவமதிப்பா, நீதி மறுப்பா என்று பிறர் அளந்து சான்று வழங்க வேண்டியதில்லை.

தலித்துகளின் இந்த முடிவுரிமையை அரசு ஐயத்துடன் நோக்கியதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. 2002இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், மதம் மாற்றப்படுபவர் சிறாராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதியினர், பழங்குடியினராகவோ இருந்தால் தண்டனையைக் கூட்டியது. பாதுகாப்பு என்ற பெயரில், வயதுவந்த தலித் ஒருவரின் அறிவு சிறாரின் அறிவோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2004இல் அச்சட்டம் கைவிடப்பட்டது.

வெளியேறுவோர் கொடுக்கும் விலையும் பெரிது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்பட்டனர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். இசுலாத்தையோ கிறித்தவத்தையோ தழுவுவோர் இட ஒதுக்கீட்டையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் இழக்க நேரிடும். சேரியும் சுவரும் அப்படியே இருக்க, சான்றிதழ் மட்டும் மாறிவிடுகிறது. இவ்விழப்பை அறிந்தே ஒருவர் வெளியேறுகிறார் என்றால், அவரைச் ‘சலுகைக்காக மாறியவர்’ என்பது பொருந்தாது.

எதிர்த்திசையில் அதே உரிமை

இவ்வுரிமையை நமக்கு உகந்த திசையில் மட்டும் போற்றுவது நேர்மையாகாது. நடூருக்கு இரண்டே முக்கால் ஆண்டுகளுக்கு முன், 2017 மார்ச் 16 இரவு, கோவை உக்கடம் பகுதியில் ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். முப்பத்தொரு வயதான அவர் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த கடவுள் மறுப்பாளர். திராவிடர் விடுதலைக் கழகத்தவர். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் அவர் பகிர்ந்த நாத்திகக் கருத்துகளே கொலைக்குக் காரணமாகக் கூறப்பட்டன. அவ்வழக்கில் கைதானோர் அவர் பிறந்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

நடூரில் சிலர் இசுலாத்துக்குள் நுழைந்தனர். உக்கடத்தில் ஒருவர் அதிலிருந்து விலகினார். இரு செயல்களும் ஒரே உறுப்பின் ஒரே சொல்லில் வேர்கொண்டவை. முன்னதை வரவேற்றுப் பின்னதற்கு வாய்மூடும் சனநாயகவாதியும், ஃபாரூக்குக்குக் கண்ணீர் சிந்திவிட்டு நடூர் மக்களைத் துரோகிகள் என்போரும், மத உரிமையைப் பேசவில்லை. தத்தம் எண்ணிக்கையையே பேசுகின்றனர்.

எதிர்ப்பின் எல்லை

தமக்கு உடன்பாடில்லாத கருத்தை எதிர்த்துக் குரலெழுப்பும் உரிமை அனைவருக்கும் உண்டு. பேச்சுரிமையும் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையும் 19ஆம் உறுப்பில் உள்ளன. ஆனால் எதிர்ப்புரிமை, பிறர் வாயை அடைக்கும் உரிமையாக விரிவதில்லை.

இதனை நிலைநாட்டிய தீர்ப்பொன்று நம் தரப்புக்குக் கசப்பான வழக்கில் பிறந்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்த் திரைப்படம் சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைக் குறைகூறியது. போராட்டங்கள் வெடிக்கும் என்று வாதிடப்பட்டது. ஆர்ப்பாட்ட அச்சுறுத்தலைக் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க இயலாது. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க இயலவில்லை என்று அரசு கைவிரிக்கவும் கூடாது என 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று இட ஒதுக்கீட்டின் எதிரிகளைக் காத்த அதே நெறிதான், இன்று சாதியை விமர்சிக்கும் தலித் எழுத்தாளருக்கும் கேடயமாகிறது.

அந்நெறி கைவிடப்பட்டால் நிகழ்வதைக் கொங்கு மண்டலம் கண்டது. ‘மாதொருபாகன்’ புதினத்துக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யில் பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்புக்கு உடன்பட நேர்ந்தது. அவ்வுடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைதியின் பெயரால் கூட்டப்படும் அறையில் விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்படுபவர் பெரும்பாலும் வலுவற்றவரே. கோயில் நுழைவுக்கும் பொதுவழிக்கும் போராடிய ஒவ்வொரு சேரிக்கும் இது தெரியும்.

விமர்சனமும் இழிவும்

அவ்வாறாயின் மத விமர்சனத்துக்கு வரம்பே இல்லையா? உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு, திட்டமிட்ட தீய நோக்குடன் மத உணர்வைப் புண்படுத்துவதையே குற்றமாக்குகிறது. ஒருவர் புண்பட்டார் என்பது மட்டும் போதாது. இணையப் பதிவுகளுக்காகக் கைதுசெய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் காப்பது வேறொன்றை. எழுத்தாலோ பேச்சாலோ பட்டியல் சாதியினர் மீது வெறுப்பைத் தூண்டுவதை அது தண்டிக்கிறது. ஒரு நூலை, சடங்கை, கடவுளைக் கேள்விக்குள்ளாக்குவது கருத்தோடு மோதுவது. ஒரு மக்கள் கூட்டத்தைத் தாழ்ந்தவர் என்பது மனிதரோடு மோதுவது. விவாதங்களில் இவ்வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால் பாதிச் சச்சரவு தீரும்.

சகிப்பின் உரைகல்

1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாக இறக்கமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். அடுத்த ஆண்டு லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்திருந்தது. சாதியொழிப்பில் நாட்டங்கொண்ட சீர்திருத்தவாதிகள் அவர்கள். சாதி மீதான விமர்சனத்தைச் செவிமடுக்க அணியமாக இருந்த அவர்களால், மதத்தை விட்டு வெளியேறுவேன் என்பதைத் தாங்க இயலவில்லை. உரையைத் திருத்த அவர் மறுத்ததால் மாநாடு கைவிடப்பட்டது. 1936இல் அவர் தம் செலவில் அச்சிட்ட அவ்வுரையே ‘சாதி ஒழிப்பு’.

குறைகூறுவோரைப் பொறுத்துக்கொள்வது சகிப்பின் முதற்படி. விலகிச் செல்வோரை அச்சுறுத்தாமல் வழியனுப்புவதே அதன் உரைகல். பீளமேட்டுக் கல்லூரிகளில் பயில்வோருக்கு உக்கடம் நகரப் பேருந்துத் தொலைவில் உள்ளது. நடூர் இதே மாவட்டத்தில் உள்ளது. இனி மதத்தைப் பற்றி விவாதிக்கையில், யார் மனம் புண்பட்டது என்பதற்கு முன் கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு: அங்கே யார் உயிரிழந்தார், அதற்கு யார் பொறுப்பேற்றார்?