பல்லின் அளவும் கணினியின் கணக்கும்

பல்லுக்கு 'கேப்' போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தப் பசையைத் தெரிந்திருக்கும். ஒரு தட்டில் குழைத்து வாய்க்குள் வைத்து அழுத்தி, இறுகும்வரை அசையாதீர்கள் என்பார்கள். குமட்டிக்கொண்டு வரும். அந்த அச்சில் சாந்து ஊற்றி மாதிரி எடுத்து, மெழுகில் வடித்து, கேப் தயாராகி வர ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

பசைக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்தலாம் என்று முதலில் எழுதிவைத்தவர்களுள் முக்கியமானவர் பிரான்சின் பிரான்சுவா துரே. லியோனில் 1973ல் அவர் அளித்த ஆய்வேட்டின் பொருளே 'ஒளி அச்சு'தான். ஆனால் இந்தக் கருத்தைச் சிகிச்சை நாற்காலிவரை கொண்டுவந்தது சூரிச் பல்கலைக்கழகம். அங்கே பல் மருத்துவர் வெர்னர் மோர்மனுக்கு ஒரு கவலை. கடைவாய்ப் பல் குழியைப் பாதரசக் கலவை இல்லாமல் பல் நிறத்திலேயே அடைக்க வேண்டும். அன்றைய பிசின் கலவையோ இறுகும்போது சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டது. வெளியே செய்த பீங்கான் துண்டைக் குழியில் ஒட்டினால், சுருங்குவது நடுவிலுள்ள மெல்லிய ஒட்டுப்படலம் மட்டுமே. மார்க்கோ பிராண்டெஸ்டினி என்ற மின்பொறியாளரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய இயந்திரத்தால் 1985ல் முதல் நோயாளிக்கு அளவெடுப்பு, கடைசல், ஒட்டுதல் எல்லாம் ஒரே அமர்வில் முடிந்தன. அதுதான் செரெக். சீமென்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. (முதல் இயந்திரத்துக்குப் பல்லின் மேற்பரப்பைச் செதுக்கத் தெரியாது. ஒட்டியபின் மருத்துவரே கையால் மேடுபள்ளம் செய்தார்!)

மென்பொருள்காரனான எனக்கு இதன் கணக்கு பிடித்திருக்கிறது. ஒரு கோணத்திலிருந்து பல்மீது கோடுகளை வீழ்த்துகிறார்கள். இன்னொரு கோணத்திலிருந்து கேமரா பார்க்கிறது. கோடு எவ்வளவு விலகித் தெரிகிறதோ அதிலிருந்து அந்த இடத்தின் உயரம் கிடைக்கும். பள்ளியில் படித்த முக்கோணவியல்தான். பல் எனாமல் ஒளியை ஓரளவு உள்ளே விட்டுவிடும் என்பதால் அன்று வெள்ளைப் பொடி தூவ வேண்டியிருந்தது. இன்றைய ஸ்கேனர்கள் பலவற்றுக்குப் பொடி தேவையில்லை.

ஸ்கேனரின் பார்வை ஒரு நேரத்தில் சிறு பரப்பை மட்டுமே எட்டும். நூற்றுக்கணக்கான படங்களை, ஒன்றோடொன்று பொருந்தும் இடம் பார்த்து மென்பொருள் தைக்கிறது. ஒவ்வொரு தையலிலும் இம்மி பிழை. ஒரு சாண் அளவுகோலை மாற்றி மாற்றி வைத்துத் தெருவை அளப்பது போல, தூரம் கூடக்கூடப் பிழையும் சேரும். ஆகவே ஒற்றைப் பல்லுக்கோ, அடுத்தடுத்த இரண்டு மூன்று பற்களுக்கோ ஒளி அச்சைத் தயங்காமல் ஏற்கலாம். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை முழுத்தாடைக்கும் சேர்த்து ஒரே பாலம் கட்டுவதென்றால், பசையை இன்னும் கைவிடாத மருத்துவரைப் பழமைவாதி என்று நினைத்துவிடாதீர்கள். பற்கள் உதிர்ந்த வழவழப்பான ஈறில் தைப்பதற்கு அடையாளமே கிடைக்காது.

விளம்பரங்கள் சொல்லாத இன்னொன்று, கடைசல் கருவியின் முனை. அதற்கும் ஒரு விட்டம் உண்டு. மருத்துவர் பல்லைக் கூரிய விளிம்போடு இழைத்திருந்தால், கேப்பின் உட்புறத்தில் அந்த விளிம்புக்கு ஏற்ற கூரிய மூலையை அந்த முனையால் குடைய முடியாது. கேப் உட்கார வேண்டுமே என்று மென்பொருள் கூடுதலாகக் குடையச் சொல்லும். அந்த இடத்தில் பீங்கான் மெலியும்; இடைவெளியைச் சிமெண்ட் நிரப்பும். ஆக, இயந்திரம் வந்தபின் பல்லை வழுவழுப்பாக, வளைவாக இழைக்கும் கை இன்னும் தேர்ந்ததாக இருக்க வேண்டியிருக்கிறது. ஈறு ஓரத்தில் இரத்தம் கசிந்தால் கேமராவுக்கு எல்லை தெரியாது. ஈற்றை ஒதுக்க நூல் செருகும் பழைய வேலை இன்றும் தொடர்கிறது.

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பல் வேலையையும் முடித்துவிட்டு வருபவர்கள் நம்மில் பலர். 'ஒரே நாளில் கேப்' என்றால் எந்தப் பொருளில் என்று கேளுங்கள். ஜிர்கோனியாவைச் சுண்ணக்கட்டி போல மென்மையாக இருக்கும்போதே ஏறத்தாழ 20 விழுக்காடு பெரிதாகக் கடைந்து, பிறகு உலையில் சுட்டு உரிய அளவுக்குச் சுருக்குகிறார்கள். வழக்கமான உலையில் அதற்கே பல மணிநேரம் பிடிக்கும். விரைவு உலைகளும் வந்திருக்கின்றன.

கடைசியாகக் கோப்பு. ஸ்கேன் பெரும்பாலும் எஸ்.டி.எல். வடிவில் வெளியேறுகிறது. 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களில் முப்பரிமாண அச்சுக்காக வகுத்தது அது. வெறும் முக்கோணங்களின் பட்டியல். நிறமில்லை, மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்புக்கூட இல்லை! பி.எல்.ஒய். வடிவில் நிறமும் சேரும். தன் சொந்த வடிவில் மட்டுமே கோப்பைச் சேமிக்கும் கருவியை வாங்கும் மருத்துவர், ஆய்வுக்கூடத்தையும் அந்த நிறுவனத்தின் விருப்பப்படியே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நாடு மாறும்போது எக்ஸ்ரே படங்களோடு இந்தக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரு தாடைகளும் ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் தாராளமாக அடங்கிவிடும்.