பேரும் பேருந்தும்: நெல்லைச் சீமையில் ஜெனரல் மோட்டார்ஸ்

'பேர்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. ஒருவரைக் கூப்பிடுவதும் பேர். ஊரில் அவர் சம்பாதித்து வைத்திருப்பதும் பேர். 'பேர் வாங்கிட்டான்', 'பேரக் கெடுத்துட்டான்' என்று திருநெல்வேலிப் பக்கம் பேசும்போது இரண்டாவது அர்த்தம்தான் முன்னால் வந்து நிற்கும். அமெரிக்கக் கார் கம்பெனிகளின் வரலாற்றை இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு படித்தால் ஒரு விசித்திரம் தென்படுகிறது. ஹென்றி ஃபோர்டு தன் பெயரையே வண்டியின் நெற்றியில் ஒட்டினார். அவரை முந்திக்கொண்டு, 1931 தொடங்கி 77 வருஷம் உலகிலேயே அதிக வண்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸோ தன் பெயரைப் பெரும்பாலும் மறைத்தே வைத்திருந்தது. செவர்லே, பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக், காடிலாக் என்ற பெயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளி அது. தாமிரபரணிக் கரையில் செவர்லேயைத் தெரிந்தவர்கள் ஜெனரல் மோட்டார்ஸைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதன் பேர் இங்கே வேறு ஒருவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

பிறர் பெயர்களைச் சேகரிப்பது இந்தக் கம்பெனிக்குப் பிறவிக் குணம். குதிரை வண்டி செய்து பணம் பார்த்த வில்லியம் டியூரன்ட் 1908 செப்டம்பரில் பியூக்கை முதலாக வைத்து ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கினார். ஓல்ட்ஸ்மொபில், காடிலாக் என்று அடுத்தடுத்து வாங்கிப் போட்டார். கடன் முற்றியதும் 1910-இல் பாங்குக்காரர்கள் அவரை ஒதுக்கினார்கள். லூயி செவர்லே என்ற சுவிட்சர்லாந்துப் பந்தயக்காரரைக் கூட்டுச் சேர்த்து 1911-இல் வேறொரு கம்பெனியை ஆரம்பித்த டியூரன்ட், அது கொடுத்த பலத்தில் பழைய கம்பெனியையே திரும்பக் கைப்பற்றினார். அதற்குள் செவர்லேக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போய், செவர்லே விலகிவிட்டார். ஆள் போய்விட்டார், பேர் மட்டும் கம்பெனி வசம் தங்கிவிட்டது. ஒரு மனிதனின் பெயர் அவனிடமிருந்து பிரிந்து தனிப் பண்டமாக மாறியதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

1923-இல் தலைமைக்கு வந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் இந்தப் பெயர்களைப் படிக்கட்டாக அடுக்கினார். கீழ்ப்படியில் செவர்லே, உச்சியில் காடிலாக். சம்பளம் ஏற ஏற மனிதன் படி ஏற வேண்டும். ஃபோர்டு ஒரே மாடலை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்து 1927-இல் நிறுத்தினார்; ஸ்லோனின் கம்பெனி வருஷத்துக்கு ஒரு முகம் மாற்றியது. போன வருஷம் வாங்கிய வண்டி இந்த வருஷம் வாங்கியவனுக்கே பழசாகத் தெரிய வேண்டும். கையில் காசில்லாதவன் தவணையில் வாங்கலாம். அதற்குக் கடன் கொடுக்கும் கிளையை 1919-லேயே தொடங்கியிருந்தார்கள். சிறையிலிருந்து கிராம்சி எழுதிய ஃபோர்டிசத்தைப் பற்றி நம்முடைய விமர்சகர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். ஸ்லோனைப் பற்றிப் பேச்சே இல்லை. உற்பத்தியைப் பேசத் தெரிந்த நமக்கு ஆசையைப் பேசக் கூச்சம் போலும்.

இந்தியாவுக்கு அந்தக் கம்பெனி 1928-இல் வந்தது. பம்பாயில் பாகங்களை இறக்கிப் பூட்டி செவர்லே விற்றார்கள். ஆனால் பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு சாதாரண மனிதனுக்கு அமெரிக்க வண்டியோடு உறவு காரின் வழியாக ஏற்படவில்லை. காருக்கு இங்கே 'பிளஷர்' என்று பெயர். 'பிளஷர் வச்சுப் போனாக' என்றால் மிராசுதார் வீட்டுக் கல்யாணம் அல்லது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கேஸ். (பின்னால் தனித்தமிழ்க்காரர்கள் 'மகிழுந்து' என்று ஆக்கியபோது அந்தப் பிளஷரைத்தான் மொழிபெயர்த்தார்கள். வாடகைக்குப் பிடித்துப் பிணம் ஏற்றிப் போனாலும் மகிழுந்துதான்.) மற்றவர்களுக்கு அமெரிக்கா பஸ்ஸாகவே வந்தது. வண்டியின் முழு உருவம் அங்கிருந்து வரவில்லை. இஞ்சினும் சேஸிஸும் வரும். அதன்மேல் மரச்சட்டம் பூட்டி, தகரம் அடித்து, பெஞ்சு போட்டு பாடி கட்டியது நம்மூர் ஆசாரிமார். எலும்பு அமெரிக்காவுடையது, உடம்பு இங்கத்தியது.

இந்தப் பகுதிக்கு பஸ் எவ்வளவு அவசியமாக இருந்தது என்பதற்கு ரயில் பாதையைப் பார்த்தால் போதும். 1870களில் திருநெல்வேலி வரை வந்த ரயில், தெற்கே நாகர்கோவிலைத் தொட 1981 ஆயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்துச் சனங்களுக்கு மாட்டு வண்டிக்கும் ரயிலுக்கும் நடுவே இருந்த காலத்தை நிரப்பியது மோட்டார்தான்.

இங்கேதான் திருக்குறுங்குடி வருகிறது. தாமிரபரணிப் படுகைக்குத் தெற்கே, மகேந்திரகிரி அடிவாரத்து வைணவத் தலம். 1877-இல் அங்கே பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் வக்கீல் தொழில், ரயில்வே, பாங்கு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 1911-இல் மதுரையில் கம்பெனி தொடங்கி, அடுத்த வருஷம் பஸ் விட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் உரிமையும் இந்தக் குடும்பத்துக்கு வந்தது. 1950களில் நாட்டிலேயே அந்தக் கம்பெனிக்குப் பெரிய விநியோகஸ்தர் என்ற இடத்தில் டி.வி.எஸ். இருந்தது. அந்த பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்பது தென்ஜில்லாக்களில் பழமொழி மாதிரியே ஆகிவிட்ட பேச்சு. மாட்டு லாடத்திலிருந்து ரோட்டில் உதிரும் ஆணிகளைப் பொறுக்க, காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் ஓட்டினார்கள் என்றும் சொல்வார்கள். அந்தக் கதை முழுக்க நடந்ததா என்பதைவிட, ஒரு கம்பெனியைப் பற்றி இப்படிக் கதை சொல்லத் தோன்றியது ஏன் என்ற கேள்வி முக்கியம்.

அதே திருக்குறுங்குடிக்கு இன்னொரு கதையும் உண்டு. கைசிக புராணத்தில் வரும் நம்பாடுவான், கோயிலுக்குள் நுழைய முடியாத சாதியில் பிறந்த பாணன். நம்பியைப் பாடப் போகிற வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவன், சொன்னபடியே திரும்பி வந்து நிற்கிறான். வாக்குக் கொடுத்தபடி வந்து சேருவதைப் புனிதமாக்கிய ஊரிலிருந்து நேரம் தவறாத பஸ் கம்பெனிக்காரர் வந்தார் என்று முடிச்சுப் போடுவது எளிது. எனக்கு அதைவிட, வாக்குக் காப்பாற்றிய நம்பாடுவான் கோயிலுக்கு வெளியேதான் நின்றான் என்ற பகுதி உறுத்துகிறது. பஸ்ஸிலும் அது நடந்தது. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்த பஸ்காரர்கள் அந்நாளில் இருந்தார்கள். பக்கத்து ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்த, சுயமரியாதை இயக்கத்து டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. நம்மவர் வாயில் ஃபோர்டு காரும் போர்டு, ஜில்லா போர்டும் போர்டு. எல்லோரையும் வண்டியில் ஏற்றிய போர்டு எது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும். இயந்திரம் வந்தால் சாதி தானாகக் கரையும் என்று மார்க்ஸ் ரயிலைப் பற்றி எதிர்பார்த்தார். சேஸிஸ் டெட்ராய்ட்டிலிருந்து வந்தாலும் சீட்டு இங்கேதானே போடப்பட்டது.

பேர் எப்படி இடம் மாறியது என்ற கேள்விக்கு வருவோம். ஸ்லோனின் தத்துவப்படி வண்டி சீக்கிரம் பழசாக வேண்டும். நம்மிடம் அந்தத் தத்துவம் தலைகீழாயிற்று. இங்கே ஒரு வண்டிக்குப் பேர் கிடைப்பது அது பழசாக மறுப்பதால். உள்ளூர் லேத்தில் கடைந்த பாகத்தைப் போட்டு, பட்டறையில் தட்டிக்கொட்டி, மூன்று தலைமுறை டிரைவர்கள் ஓட்டிய வண்டிதான் 'நல்ல வண்டி'. அந்த நன்மையைச் செய்தவர்கள் மெக்கானிக்குகளும் கிளீனர்களும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். கரி வாயுக் கருவி செய்து விற்றது. பஸ்ஸோடு ஒரு கரி அடுப்பைச் சேர்த்துப் பூட்டி, அதில் வரும் வாயுவில் இஞ்சினை ஓட்டுவது. வண்டி கிளம்புமுன் நெருப்பை ஊதி விடுகிறவன், முகமெல்லாம் கரி அப்பிக்கொண்டு நிற்கிறவன் கிளீனர். அமெரிக்க இஞ்சினுக்கு அமெரிக்காவில் யாரும் கற்பனை செய்திராத ஆகாரம் அது. அதையும் தின்றுகொண்டு அது ஓடியது. பேர் செவர்லேக்குக் கொஞ்சம் போயிற்று, டி.வி.எஸ்.ஸுக்கு நிறையப் போயிற்று, கிளீனருக்கு ஒன்றும் போகவில்லை.

அமெரிக்காவில் அதே காலத்தில் இந்தப் பேருக்கு வேறு கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1936 டிசம்பர் 30-இல் ஃபிளின்ட் நகரத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். 44 நாள். கடைசியில் கம்பெனி சங்கத்தை ஏற்றது. 1965-இல் ரால்ஃப் நாடர் செவர்லே கார்வேரின் ஆபத்தைப் பற்றி எழுதினார். கம்பெனி அவர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. அடுத்த வருஷம் அதன் தலைவர் செனட் குழு முன்னால் மன்னிப்புக் கேட்டார். 2009 ஜூன் 1-இல் திவால் மனு. அமெரிக்க அரசாங்கமே பெரும் பங்குதாரர் ஆயிற்று. 2014-இல் இக்னிஷன் சுவிட்ச் கோளாறு வெளிவந்தது. அதில் 124 சாவுகளுக்குக் கம்பெனியின் நிதியிலிருந்து ஈடு வழங்க நேர்ந்தது. அங்கே பேர் கெட்ட ஒவ்வொரு முறையும் அதைக் கேள்வி கேட்க சங்கமோ, சட்டமோ, ஒரு வக்கீலோ இருந்தார்கள். இங்கே ஏஜென்சிக்காரரிடம் முறையிடலாம். அவர் கவனித்தால் பேர் அவருக்கு.

1953-இல் தீர்வை கமிஷன், உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டமில்லாதவர்களுக்கு இடமில்லை என்றது. 1954-இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. பஸ்களைத் தி.மு.க. அரசு 1972 முதல் நாட்டுடைமையாக்கியது. திருநெல்வேலிக்கு 1974-இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் வந்தது. வண்டியின் பக்கவாட்டில் முதலாளி பெயர் இருந்த இடத்தில் இப்போது வீரர்கள், தலைவர்கள் பெயர். ஐயங்காரின் பெயரைத் தாங்கிய பஸ்ஸில் ஏற ஐம்பது அறுபது வருஷம் யாருக்கும் சங்கடம் வரவில்லை. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து, தேவேந்திரகுல வீரர் சுந்தரலிங்கத்தின் பெயரில் ஒரு கழகம் என்றதும் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாப் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. பேருந்து என்பதில் உள்ள 'பேர்' பெரிய என்ற பொருள் தருவது என இலக்கணம் சொல்லும். அந்த வருஷம் அதற்கு இன்னொரு பொருள் ஏறியது. பேர் யாருடையது என்பதைப் பார்த்துத்தான் அதை நடுநிலையானது என்றோ சாதிப்பேர் என்றோ தீர்மானிக்கிறோம். கட்டபொம்மன் பேரும் அதோடு போயிற்று.

ஜெனரல் மோட்டார்ஸ் 1990களில் திரும்பி வந்தது. 1996-இல் குஜராத்தின் ஹலோலில் ஓப்பல் ஆஸ்ட்ரா, 2003-இல் மறுபடி செவர்லே. 2004-இல் வந்த டவேராதான் தென்மாவட்டங்களில் ஒட்டிக்கொண்டது. 'பிளஷர் பிடி' என்பது போய் 'ஒரு டவேரா சொல்லு' என்றாயிற்று. குற்றாலம், திருச்செந்தூர், சபரிமலை எல்லாவற்றுக்கும் பத்துப் பேரை அடைக்கிற வண்டி. அதுவும் ஜப்பானிய இசுசுவின் வார்ப்பு; நெற்றியில் செவர்லே சின்னம். மறுபடி இரவல் உடம்பு, இரவல் பேர். 2013-இல் புகைச் சோதனையில் தன் ஊழியர்களே தில்லுமுல்லு செய்ததாகக் கம்பெனி ஒப்புக்கொண்டு, ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் டவேராக்களைத் திரும்ப அழைத்தது. டாக்ஸி ஸ்டாண்டில் அதன் மதிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. அங்கே வண்டியை அளக்கிற கோல் மைலேஜும் ஸ்பேரும். 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தபோதும் ஸ்டாண்டில் கேட்கப்பட்ட கேள்வி ஸ்பேரைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும். மகாராஷ்டிரத்தின் தளேகாவ் ஆலை ஏற்றுமதிக்காக 2020 டிசம்பர் வரை ஓடி மூடப்பட்டது. அங்கத்திய தொழிலாளர்கள் பிறகு கோர்ட்டு வாசலில்.

திருக்குறுங்குடிக் குடும்பத்தின் கணக்கு இதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது. விற்க அமெரிக்க வண்டி இல்லாமல் போனதும், 1960களில் அவர்கள் பாகங்கள் செய்ய இறங்கினார்கள். பேரன் சுரேஷ் கிருஷ்ணாவின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1992-இல் ஜெனரல் மோட்டார்ஸின் இங்கிலாந்து ஆலையில் ரேடியேட்டர் மூடி செய்துகொண்டிருந்த இயந்திரங்களை அப்படியே விலைக்கு வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதற்குப் பிறகு வட அமெரிக்காவில் அந்தக் கம்பெனி விற்ற வண்டிகளுக்கு மூடி இங்கிருந்து போயிற்று. சிறந்த சப்ளையர் என்ற விருது பல வருஷம் அடுத்தடுத்து வந்தது. ஃபிளின்ட்டில் ஒரு செவர்லே சூடாகி வழியோரம் நின்றால், டிரைவர் துணி சுற்றிய கையால் திருகித் திறந்தது சென்னையில் ஒரு தொழிலாளி செய்த மூடி. அவர் பேரை அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.